வரிக்கு முப்பத்தாறு எழுத்து

ஊபி தொழிற்பேட்டை, டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
பிரிட்டிஷ்காரர்கள் மேலே காதலிக்க
நான் கீழே தமிழில் எழுதுகிறேன்.
வரிக்கு முப்பத்தாறு எழுத்து, ஒரு நேரத்துக்கு இரண்டு வரி.
கொம்பையும் காலையும் புள்ளியையும்கூட
தனித்தனியே எண்ணிவிடும் இந்த மென்பொருள்.
இருவர் ஒன்றாகப் பேசினால்
நாயகியின் பேச்சு மட்டும்.
அது விதி.

இந்த வாரப் படத்தில் அவள் பெயர் டில்லி.
நாயகியோடு வீட்டு வாடகையைப் பங்கிடுகிறவள்.
நாற்பத்தோரு வசனம்.
பத்தொன்பது வெறும் கேள்வி:
பிறகு? அவன் என்ன சொன்னான்? பிறகு?
டில்லிக்கு யாரைப் பிடிக்கும் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
ஒரு காட்சியில் அவள் மடியில் பூனை.
அடுத்ததில் இல்லை.
பூனையையும் யாரும் தேடவில்லை.

நடிகையின் பெயர் எனக்குத் தெரியாது.
பெயர்ப்பட்டியலை மொழிபெயர்க்க வேண்டாம் என்று
வெட்டித்தான் அனுப்புவார்கள்.
ஆனால் கெட்டிக்காரி.
நாயகி அழுதுகொண்டிருக்கும்போது
திரையின் ஓரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாள்.
இரண்டாவது துண்டைப் பேசாமல்
அழுகிறவளின் தட்டில் வைக்கிறாள்.
அப்போது நான் எழுத வேண்டியது:
இனி யாரையும் நம்பமாட்டேன்.
என் எழுத்து சரியாக
அந்தத் தட்டின்மேல் போய் உட்கார்கிறது.
நகர்த்திப் பார்த்தேன். அனுமதியில்லை.

நம் பழைய பாட்டுகளில் இவளுக்கு வாய் இருந்தது.
தலைவி நிலத்தைப் பார்த்து நிற்பாள்,
பேசுகிறவள் தோழி.
இரவில் வராதே, வழியில் யானை என்பாள்.
தாயிடம் உண்மையை உடைத்து
அறத்தொடு நிற்பாள்.
டில்லியும் அதைத்தான் செய்கிறாள்,
நனைந்த கோட்டோடு அவன் கடைக்குள் புகுந்து.
ஐந்து நிலத்திலும் தோழி இருக்கிறாள்.
அவள் ஏங்கிக் கிடந்த நிலம் எது என்று
எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

யீஷூன் கோயில் மண்டபத்தில்
கோகிலவாணிக்குத் தாலி ஏறியபோது
அவள் கைப்பை என் தோளில்,
அவள் போன் என் கையில்,
முந்தானைக்கென்று நான்கு ஊக்கு
என் பல்லிடுக்கில்.
வாழ்த்தக்கூட வாய் திறக்க முடியவில்லை.
அந்த மாப்பிள்ளையை முதலில் பார்த்தது யார்
என்பதையும்தான்.
ஆல்பத்தில் என் முழங்கை நன்றாக விழுந்திருக்கிறது.

நள்ளிரவு தாண்டிக் கடைசிக் காட்சி.
ரயில் நகர்கிறது. சன்னலில் நாயகி
எல்லாருக்கும் தெரிந்த அந்த மூன்று ஆங்கிலச் சொல்லை
அவனைப் பார்த்துக் கத்துகிறாள்.
அதே நொடியில் நடைமேடையில் டில்லி
முனகுவது போல ஒன்று சொல்கிறாள்.
எழுத்துப்படியில் அதற்கு எதிரே:
பின்னணி, தேவையில்லை.
மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டேன்.

அந்த மூன்று சொல்லுக்குச் சிங்கப்பூரில்
யாருக்கும் என் உதவி வேண்டாம்.
இரண்டு வரியையும் டில்லிக்கே கொடுத்தேன்:

போ. வியாழன் குப்பையை
நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருபது. இருபத்தாறு.
இடம் மிஞ்சியிருந்தது.
காலையில் ஹமீது சுல்தான் சரிபார்ப்பார்,
விதியை நினைவூட்டி அழித்தாலும் அழிப்பார்.
சேமித்துவிட்டு மின்தூக்கியில் இறங்கினேன்.

கீழே காப்பிக்கடையில் ஒரு மேசைதான் விழித்திருந்தது.
கோப்பி ஓ, காயா ரொட்டி இரண்டு துண்டு,
வெண்ணெய் இன்னும் உருகாமல்
பாளமாக நடுவில்.
இரண்டையும் நானே தின்றேன்.
மேசையில் போன் அதிர்ந்தது:
கோகிலவாணி, பெர்த்திலிருந்து,
ஏழு நிமிடக் குரல்செய்தி.

பிறகு
என்று தட்டி அனுப்பினேன்.
கேள்விக்குறி போடவில்லை.